மலை வீட்டுத் தறிகள்

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைகளுக்கிடையே பென்லண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. 1920 இல் அங்கு ஆசிரியையாக வந்தவர் லூசி மோர்கன். அந்த மலைகளின் பாட்டிமாருக்கு நெசவு கைவந்த கலை. ஆனால், ஆலைத் துணி மலிவாக வரத் தொடங்கியதும் தறிகள் கழற்றப்பட்டுப் பரணுக்கும் கொட்டிலுக்கும் போய்விட்டன.

அந்தப் பழைய தறி ஒரு சிறு கொட்டிலின் சட்டம் போலவே இருக்கும். நான்கு மூலையிலும் கனத்த மரத்தூண்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்கு மரங்கள். ஆணி இல்லை. ஒரு மரத்தில் துளை, மற்றதில் நாக்கு. செருகி ஆப்படித்து இறுக்குவார்கள். எந்த மரம் எந்தத் துளைக்கு என்று குழம்பாதிருக்க, பல தறிகளின் மூட்டுகளில் உளியால் ரோம எண்கள் வெட்டப்பட்டிருக்கும். ஆப்பைத் தட்டிக் கழற்றினால் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வேறிடத்தில் பூட்டலாம்.

இவ்வளவு கனம் ஏன்? நூலை நெருக்கும் அச்சு, மேல் மரத்திலிருந்து ஊஞ்சல் போலத் தொங்குகிறது. ஒவ்வோர் ஊடை நூலையும் அதனால் இழுத்து அடிக்கவேண்டும். இலேசான தறியென்றால் அந்த அடிக்கு நகர்ந்துவிடும்.

பின் உருளையில் பாவு, முன் உருளையில் நெய்த துணி. மிதிகட்டையை அழுத்தினால் விழுதுகள் பாவு நூல்களைப் பிரிக்கும். அந்த இடைவெளியால் நாடாவைக் கையால் எறிவார்கள். கை எட்டும் தூரமே துணியின் அகலம். அதனால் படுக்கை விரிப்பை இரண்டு நீளத் துண்டுகளாக நெய்து நடுவில் தைத்தார்கள். அச்சடி ஒருநாள் பலமாகவும் ஒருநாள் மெதுவாகவும் விழுந்திருந்தால், தையலில் பூவோடு பூ பொருந்தாது. எனக்கென்னவோ அந்தப் பொருந்தாத பூக்களில்தான் பிரியம். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ!

லூசி மோர்கன் கென்டக்கி மாநிலத்துப் பெரீயா கல்லூரிக்குப் போய் நெசவு பழகித் திரும்பினார். 1923 இல் ஊர்ப் பெண்களைச் சேர்த்து நெசவு வேலையைத் தொடங்கினார். அவர் பெண்களை வேலைத்தலத்துக்கு அழைக்கவில்லை. தறியை அவர்கள் வீட்டுக்கே கொடுத்தார். அடுப்படி வேலை, பிள்ளைகள், தோட்டம் எல்லாம் பார்த்து மிஞ்சிய நேரத்தில் அவர்கள் நெய்தார்கள். நெய்ததைக் கொண்டுவந்தால் கையில் காசு.

விற்கும் பொறுப்பு அவருடையது. பொருளைக் கொடுத்துவிட்டுச் சந்தையை மறந்துபோகும் உதவிகளை நாமும் கண்டிருக்கிறோமல்லவா? அவர் கண்காட்சி கண்காட்சியாக அலைந்தார். 1933 இல் சிக்காகோ உலகக் கண்காட்சி வரைக்கும் அந்தப் பெண்களின் நெசவைக் கொண்டுசென்றார்.

பெண்கள் கூடி நெய்வதற்கென 1926 இல் ஊரவர்கள் மரக்குற்றிகளை அடுக்கி ஒரு வீடும் கட்டிக் கொடுத்தார்கள். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த பென்லண்ட் கைப்பணிப் பாடசாலையில் இன்றும் நெசவு கற்பிக்கிறார்கள்.