இருபதாம் தேதிக்குள்

ஜூலை 1, செவ்வாய்

ஜூன் மாதக் கணக்கு இன்று தொடங்குகிறது. ஈரோட்டில் எங்களைப் போன்ற சின்ன ஜிஎஸ்டி ஆபீஸ்களுக்கு மாதம் என்றால் மூன்று தேதிதான். 11க்குள் விற்பனை விவரம், அதாவது ஆர்-1, போயாக வேண்டும். சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து 14 அன்று 2பி பட்டியல் போர்ட்டலில் வரும். 20க்குள் வரியைக் கட்டி 3பி போட வேண்டும். இந்த மாதம் காலாண்டு பார்ட்டிகளும் சேர்ந்துகொள்வதால் 13, 22 என்று இன்னும் இரண்டு.

காலையில் முதல் வேலை, பில் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி போடுவது. பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். "மெசேஜே வரலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த பார்ட்டிகள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இப்போது புதிதாக யார் வந்தாலும் டீ வருவதற்குள் அவர் போனில் எங்கள் நம்பரை ஏற்றிவிடுகிறோம்.

செய்தி மூன்றே வரி. அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. ஜூன் பில்கள் 5ஆம் தேதிக்குள் வேண்டும். போட்டோவாக வேண்டாம், டாகுமென்ட்டாக அனுப்பவும். சந்தேகம் இருந்தால் மதியம் 3 மணிக்கு மேல் கூப்பிடவும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பில் நம்பரில் 3 எது, 8 எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

நூல் வியாபாரி ஒருவர் இன்றும் மஞ்சப்பையோடு வந்தார். பைக்குள் பில், பேங்க் சலான், கோயில் நன்கொடை ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒன்றாக. தறிக்கு பேரிங் வாங்கிய பில்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். முக்கால்வாசி வெள்ளைத் தாள்.

"அச்சடிச்சுத்தான் குடுத்தாங்க அம்மணி, எங்க போச்சு?"

தெர்மல் பேப்பரில் மையே கிடையாது. தாளில் பூசிய ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்து. வெயிலிலும் வண்டிப் பெட்டிச் சூட்டிலும் கிடந்தால் அது அழிந்துபோகும். அவர் போனிலேயே கூகுள் டிரைவ் இருந்தது. அதில் ஸ்கேன் செய்தால் பில்லின் ஓரத்தை அதுவே வெட்டி பிடிஎஃப் ஆக்கிவிடும். காசு கொடுத்து வேறு ஆப் வாங்கத் தேவையில்லை. "கண்ணாடி இல்லாம நமக்கு அதெல்லாம் வராதுங்க அம்மணி" என்றார். கடைப் பையனைக் கூப்பிட்டுப் பழக்கினோம். அவனுக்குச் சொன்ன விதி ஒன்றுதான்: பில் குத்துகிற கம்பியில் குத்துவதற்கு முன்னால் படம். "தினமும் சாயங்காலம் எடு" என்று சொல்லியிருந்தால் மூன்றாம் நாள் மறந்திருப்பான். கம்பியில் குத்துவதை அவன் மறக்கவே மாட்டான். புதுப் பழக்கத்தை ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோடு முடிச்சுப் போட்டால்தான் நிற்கிறது.

ஜூலை 5, சனி

ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும் நாள். 'பில் புதுசு', 'பில் புதுசு 2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்ற பெயர்களெல்லாம் இந்த ஆபீசில் ஒழிந்துவிட்டன. முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு பார்ட்டி பெயர், கடைசியில் கொள்முதலா விற்பனையா: 2025-06 என்று ஆரம்பிக்கும். வருஷத்தை முன்னால் வைத்தால் கம்ப்யூட்டர் தானாகவே மாத வாரியாக அடுக்கிக்கொள்ளும். நாளை முன்னால் வைத்தால் எல்லா மாதத்து 1ஆம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும். ஜூன் என்று ஆங்கில எழுத்தில் போட்டாலும் ஆங்கில அகர வரிசைதான் வரும், ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட்.

ஒருவர் போன் செய்து, போன வருஷம் நவம்பரில் வாங்கிய மோட்டார் பில் வேண்டும் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் அனுப்பியாயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த பெண் டேலி கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு என்ட்ரிக்கும் மவுசைத் தேடிக்கொண்டிருந்தாள். மவுசை எடுத்து மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். "அக்கா!" என்று அலறினாள். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்2 தேதி, புது லெட்ஜர் வேண்டுமானால் இருந்த இடத்திலேயே ஆல்ட் சி, முடித்தால் கண்ட்ரோல் ஏ. நரேஷன் அதேதான் என்றால் கண்ட்ரோல் ஆர். ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தேன். மாலையில் நானாகத் திருப்பிக் கொடுக்கும் வரை அவள் மவுசைக் கேட்கவே இல்லை.

ஜிஎஸ்டி எண்ணை மட்டும் யாரும் கையால் அடிக்கக் கூடாது. 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. தப்பாக அடித்தால் பெரும்பாலும் அந்தக் கடைசி எழுத்தே காட்டிக்கொடுக்கும். ஆனால் எங்கே தப்பு என்று தேடுகிற நேரத்துக்குப் பத்து பில் ஏற்றிவிடலாம். காப்பி, பேஸ்ட், அவ்வளவுதான். அதை 1970களில் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் 2020இல் காலமானார். உலகத்தில் இத்தனை கணக்கர்களின் விரலை மிச்சப்படுத்தியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆனாலும் கீபோர்டு குறுக்கு வழிகளைப் பற்றி நான் அதிகம் பீற்றிக்கொள்வதில்லை. இந்த வேலையில் நேரம் போவது தேடுவதிலும் காத்திருப்பதிலும்தான். வேகமாக அடித்து முடித்துவிட்டு, வராத பில்லுக்காக உட்கார்ந்திருந்தால் என்ன லாபம்?

ஜூலை 10, வியாழன்

இன்று 2ஏ பார்க்கும் நாள். எங்கள் வட்டாரத்தில் பலர் 14 அன்று 2பி வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 2பி ஒரு தடவை போட்டு நிறுத்திய பட்டியல். 2ஏ அப்படி இல்லை, சப்ளையர் ஆர்-1 போடப் போட அதில் பில் ஏறிக்கொண்டே இருக்கும். 10ஆம் தேதி அதைத் திறந்து, பெரிய சப்ளையர்களின் பில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுகிறோம்.

2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் ஏற்றி 2பியில் வந்த பில்லுக்குத்தான் இன்புட் எடுக்க, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள, முடியும். 2 லட்ச ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்கினால் 5 சதவீதம் வரி, 10,000 ரூபாய். சப்ளையர் அதை ஏற்ற மறந்தால் அந்தப் பத்தாயிரத்தையும் நம் பார்ட்டி இந்த மாதம் கைக்காசிலிருந்து கட்டிவிட்டு, அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும். 14ஆம் தேதி கண்டுபிடித்தால் சண்டைதான் போடலாம். 10ஆம் தேதி கண்டுபிடித்தால் சப்ளையரின் கணக்குப்பிள்ளைக்கு ஒரு போன் போதும். இன்று அப்படி ஒரு மில் பில் சிக்கியது. "நாளைக்குத்தானுங்க கடைசி நாள், ஏத்திடறோம்" என்றார்கள்.

ஜூலை 11, வெள்ளி

எங்கள் மாத ஆர்-1களில் பெரும்பாலானவை 9ஆம் தேதியே முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தவை ஓடிபி கிடைக்காதவை.

ஓடிபிதான் இந்தத் தொழிலின் பெரிய காத்திருப்பு. ரிட்டர்ன் தயாராக இருக்கும். ஓடிபி பார்ட்டியின் போனுக்குப் போகும். பார்ட்டி பவானியில் ஏதாவது கல்யாண வீட்டில் இருப்பார். சில ஆபீஸ்களில் இதற்குப் பயந்து பார்ட்டி நம்பருக்குப் பதில் தங்கள் நம்பரையே போர்ட்டலில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஓடிபி அவருடைய கையெழுத்துக்குச் சமம். அது நம்மிடம் இருப்பது இரண்டு பேருக்கும் ஆபத்து.

நாங்கள் செய்வது, நேரம் குறிப்பது. முதல் நாளே "நாளை மதியம் 2.30 முதல் 3.30க்குள் ஓடிபி கேட்போம், தொகை இவ்வளவு" என்று செய்தி. கடைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் உட்காருகிற நேரம் அது. வாட்ஸ்அப் பிசினஸில் இந்தச் செய்தியைச் சேமித்து வைத்திருப்பதால் சாய்கோடு போட்டு ஓரெழுத்து அடித்தால் முழுதாக வந்துவிடும், தொகையை மட்டும் மாற்றினால் போதும். அதே ஓடிபி ஈமெயிலுக்கும் போகும் என்பது பல பார்ட்டிகளுக்குத் தெரியாது. போனில் டவர் இல்லாத ஊருக்குப் போனாலும் லாட்ஜ் வைஃபையில் மெயில் பார்க்கலாம்.

ஜூலை 14, திங்கள்

2பி வந்துவிட்டது. எக்ஸெலில் ஒப்பிடும் வேலை.

பில் நம்பரை வைத்து ஒப்பிட ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் நேரத்தைத் தின்பது. சப்ளையர் எஸ்டி/045/25-26 என்று ஏற்றியிருப்பார், நம் பார்ட்டியின் கணக்கில் வெறும் 45 இருக்கும். எக்ஸெலுக்கு இரண்டும் வேறு வேறு. அதனால் முதல் சுற்றில் பில் நம்பரையே பார்ப்பதில்லை. ஜிஎஸ்டி எண்ணையும், ரூபாய்க்கு முழுதாக்கிய வரித் தொகையையும் ஒரே கட்டத்தில் சேர்த்து, எக்ஸ்லுக்கப் போட்டுவிடுகிறோம். முக்கால்வாசி அதிலேயே பொருந்திவிடும். ஒரே சப்ளையரிடம் ஒரே தொகைக்கு இரண்டு பில் வந்திருந்தால் அந்த இரண்டை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும். சுற்றுக்கு முன்னால் ட்ரிம் போட மறக்கக் கூடாது. எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் காலி இடம் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸெலுக்குத் தெரியும்.

பொருந்தாதவற்றுக்கு மஞ்சள் நிறம். அந்த மஞ்சளை மட்டும் பார்ட்டியிடம் கேட்கிறோம். போன வியாழன் சிக்கிய மில் பில் வந்திருந்தது.

ஜூலை 16, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை வரை கரண்ட் இல்லை. முன்கூட்டியே அறிவித்திருந்ததால் சலான்களை நேற்றே உருவாக்கி பார்ட்டிகளுக்கு அனுப்பியாயிற்று. ஜிஎஸ்டி சலான் 15 நாள் செல்லும். கடைசி நாள்தான் போட வேண்டும் என்று எதுவும் இல்லை. கரண்ட் வரும் வரை போன் வேலைதான். பார்ட்டிகளுக்கான விளக்கங்களைப் போனில் தமிழிலேயே சொல்லி எழுத வைத்தேன். கூகுளின் குரல் தட்டச்சில் 2017இலேயே தமிழ் வந்துவிட்டது. 'இன்புட் கிரெடிட்' என்று சொன்னால் விதவிதமாகக் கேட்டுக்கொள்கிறது, மற்றபடி நன்றாகவே எழுதுகிறது.

எந்த பார்ட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது சுவரில் ஒட்டிய பெரிய தாளில் இருக்கிறது. இடது பக்கம் பெயர்கள், மேலே பில், என்ட்ரி, ஆர்-1, 2பி, சலான், 3பி. பென்சிலால் டிக். இதற்கென்று போனில் ஆப் வைத்துப் பார்த்தோம்; அதைத் திறந்து பார்க்க யாருக்கும் நினைவு வரவில்லை. "அக்கா, அந்த எண்ணெய் மில் ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சுவரில் ஒட்டிய பிறகு யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆபீசில் கரண்ட் போனாலும் வேலை செய்கிற ஒரே மென்பொருள் அதுதான்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று ஆடி பிறந்துவிட்டது. ஜவுளிக் கடைகளில் தள்ளுபடிக் கூட்டம், முதலாளிகள் போனை எடுப்பதில்லை.

3பி போடும் காலை நேரத்தில் நாங்களும் எடுப்பதில்லை. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை சொன்னார். அதன் பெயரே தக்காளி. படிக்கிற பிள்ளைகளுக்கு அது சரி. ஒரு பார்ட்டியின் கணக்கு மனதில் இருக்கும்போது மணி அடித்து எழுப்பினால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு பார்ட்டியை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் எழுவது. 10 முதல் 1 வரை போன் தொந்தரவில்லா நிலையில். வீட்டு நம்பர்களும் பள்ளிக்கூட நம்பரும் மட்டும் அடிக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் முன்பெல்லாம் பேங்க் பயம் இருக்கும். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது. சலான் வாங்கி வைத்துக்கொண்டு கட்டாமல் இருந்த ஒருவர் காலையில் வீட்டிலிருந்தே கட்டினார். ஒரு நாள் தாண்டினாலும் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி.

கடையைத் தற்காலிகமாக மூடி வைத்திருக்கும் ஒருவருக்கு விற்பனையும் இல்லை, கொள்முதலும் இல்லை. வரவு செலவு இல்லை என்று சும்மா இருந்தாலும் நாளுக்கு 20 ரூபாய் ஏறும். அவருக்கு லாகினே வேண்டாம். 2020 ஜூன் முதல், பதிவு செய்த போனிலிருந்து 14409க்கு ஓர் எஸ்எம்எஸ் அனுப்பி, திரும்பி வரும் குறியீட்டை உறுதி செய்தால் நில் 3பி முடிந்தது. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அதிலேயே முடித்தார்.

ஜூலை 21, திங்கள்

காலாண்டு பார்ட்டிகளுக்கு நாளை கடைசி நாள். நாளை செவ்வாய். இன்று இரவே ஜவுளிச் சந்தை ஆரம்பித்துவிடும், நாளை பகல் முழுக்க யாருக்கும் காது கேட்காது. அதனால் எல்லா ஓடிபியையும் இன்று மாலை 4 மணிக்குள் வாங்கிவிட்டோம். சுவர்த் தாளில் கடைசிப் பத்தியும் நிரம்பியது. டேலி டேட்டாவை ஒரு பிரதி ஹார்டு டிஸ்கிலும் ஒரு பிரதி கிளவுடிலும் எடுத்தாயிற்று. ஹார்டு டிஸ்க் என் வீட்டுக்கு வந்துவிடும், ஆபீசில் இருக்காது.

இதைப் படிக்கிற கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணக்கர் ஓடிபி கேட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள். எந்த மாதத்துக்கு, எந்த ரிட்டர்னுக்கு, தொகை எவ்வளவு என்று கேளுங்கள். தொகை உங்கள் மனக்கணக்கோடு ஒத்துப்போனால் சொல்லுங்கள், ஒத்துப்போகாவிட்டால் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். போட்ட 3பியைத் திருத்தும் வசதி இன்றுவரை கிடையாது.