தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு

யப்பானுக்கு முதன்முறையாகச் செல்லும் நம்மவர் பலர், சிங்கான்சென் எனப்படும் அதிவேகப் புகையிரதத்தில் ஒருமுறையேனும் ஏறிப் பார்க்க ஆவல் கொள்வர். மணிக்கு 285 கிலோமீற்றர் என்றதும் எண்ணம் எஞ்சினை நாடுகிறது. ஏறிச் சென்றவரை வியப்பில் ஆழ்த்துவதோ வேறொன்று: அவ்வளவு வேகத்துக்கும் நடுவே அங்கு அவசரப்படுவாரைக் காண்பது அரிது.

பிரயாணச் சீட்டு பெரும்பாலும் இரண்டாக இருக்கும். ஒன்று பாதைக்குரிய கட்டணம், மற்றது விரைவுக்குரியது. இரண்டையும் ஒன்றாகவே வாயில் இயந்திரத்தில் இடுதல் வேண்டும். மறுமுனையில் வருவதை மறவாது எடுத்துக்கொள்க. வெளிநாட்டவர்க்கென விற்கப்படும் ஏழு நாட் சீட்டின் விலை 2023ஆம் ஆண்டில் வெகுவாக உயர்ந்தது; கியோத்தோவுக்குப் போய்வர மட்டுமாயின் அது இலாபமன்று.

வண்டிகள் மூவகை. நொசோமி மிக விரைவானது; கொடாமா எல்லா நிலையங்களிலும் நிற்பது; ஹிக்காரி இடைப்பட்டது. நிலைய மேடையின் தரையிலே வண்டிப்பெட்டிகளின் இலக்கங்கள் குறிக்கப்பட்டிருக்கும். பதினாறு பெட்டிகள் கொண்ட வண்டி ஏறக்குறைய 400 மீற்றர் நீளமாதலின், தமக்குரிய இடத்தை முன்கூட்டியே தேடி நிற்பதே நன்று. சாதாரண வகுப்பில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்துடைய ஆசனங் கிடைத்தால், முக்கால் மணித்தியாலமளவில் வலப்புறத்தே பூஜி மலையைக் காணலாம். அதன் உயரம் 3776 மீற்றர். ஆயினும் ஒரு முகில் போதும், முழுவதும் மறைந்துவிடும்! நிலையத்தில் வாங்கிய சோற்றுப் பொதியை அவிழ்ப்பதற்கும் அதுவே நல்ல வேளை.

இவ்வேகம் எங்ஙனம் வந்தது? நமது அகலப் பாதை 1676 மில்லிமீற்றர்; சிங்கான்சென் பாதையோ 1435 மில்லிமீற்றரே. எனவே அகலம் மட்டும் வேகந் தருவதில்லை. யப்பானின் பழைய பாதைகள் 1067 மில்லிமீற்றர் அகலத்தில் மலையோரங்களைச் சுற்றி வளைந்து செல்வன. அவற்றைத் திருத்தி இவ்வேகத்தைப் பெற இயலாதென உணர்ந்து, முற்றிலும் புதிய பாதையொன்றை அமைத்தனர். சிங்கான்சென் என்பதன் பொருளே புதிய பெரும்பாதை என்பதாம். மலைகள் குடையப்பட்டன, வளைவுகள் அகலமாக்கப்பட்டன, வீதியைக் குறுக்கறுக்கும் கடவை ஒன்றேனும் வைக்கப்படவில்லை. 1964 ஒக்டோபர் 1ஆந் திகதி தொடங்கிய இச்சேவையில், வண்டி தடம்புரண்டோ மோதியோ இன்றுவரை ஒரு பிரயாணியும் உயிரிழந்ததில்லை.

இதற்காக உழைத்த இருவரை மாணவர் அறிதல் நன்று. சொகோ ஷின்ஜி அந்நாட்டுப் புகையிரதப் பகுதியின் தலைவர். ஷிமா ஹிதேயோ பிரதம பொறியியலாளர். உலக வங்கி 80 மில்லியன் டொலர் கடன் தந்தும், செலவு மதிப்பீட்டைப்போல் ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1963இல் இருவரும் பதவி நீங்கினர். முதல் வண்டி புறப்பட்ட நாளில் அவ்விருவரும் அப்பதவிகளில் இல்லை. கடன் 1981இல் முற்றாகத் தீர்க்கப்பட்டது.

நொசோமி கியோத்தோவை அடைய இரண்டேகால் மணித்தியாலமளவு செல்லும். அங்கு அது ஓரிரு நிமிடமே நிற்கும். முதியோரை அழைத்துச் செல்வோர் அறிவிப்புக் கேட்டவுடனே பைகளுடன் கதவருகே வந்துவிடல் வேண்டும். தாயார் மேடையிலும் மகன் வண்டியிலுமாகிவிட்டால், மகன் இறங்கக்கூடிய அடுத்த இடம் ஷின்-ஒசாக்காவே.

வெளிவாயில் இயந்திரம் சீட்டை விழுங்கிவிடும். ஞாபகமாக வைத்திருக்க விரும்பும் பிள்ளைகள் அருகிலுள்ள அலுவலரிடம் கேட்டால், முத்திரையிட்டுக் கையிலே தந்துவிடுவார்.