யார் வந்தது என்று சொல்லும் வேலை

கோவையை அடுத்த அந்தப் பொறியியல் கல்லூரிக்கு வெளியுலகம் அறிந்த ஐபி முகவரி ஒன்றே ஒன்றுதான். கல்லூரியின் முகப்புத் தளம், தேர்வு முடிவுகள், நூலகம், பாடங்கள் ஏற்றும் மூடுல், விடுதிக் கட்டணம் என்று உள்ளே ஓடும் வேலைகளோ ஐந்து. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி சர்வர். மாணவர் எந்தப் பெயரைத் தட்டினாலும் கோரிக்கை அந்த ஒரே முகவரிக்குத்தான் வரும். அங்கிருந்து உரிய சர்வரைத் தேடிப் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும். இதைக் கட்டிக் காப்பவர்களைப் பார்க்க, தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் போயிருந்தேன்.

நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சர்வர் அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஏசி குளிர், ஓயாத விசிறி இரைச்சல், ஆளுயர ரேக் இரண்டு. வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். மூத்தவர் இந்தக் கல்லூரியிலேயே தலை நரைத்தவர். மற்ற இருவரும் அவரை அண்ணா என்கிறார்கள். ரேக்கின் நடுவில் இருந்த ஒல்லியான சர்வரைத் தொட்டுக் காட்டினார்.

“இதாங்க வாசல். இதுக்குப் பின்னாடி இருக்கிற எதையும் வெளியில இருந்து நேரா தொட முடியாது. எல்லாமே பத்துல ஆரம்பிக்கிற ஐபிங்க.”

பத்தில் தொடங்கும் எண்கள் 1994-இல் தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டவை. எந்த நிறுவனமும் தன் சுவருக்குள் அவற்றை வைத்துக்கொள்ளலாம். பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. வெளியே செல்லுபடியாகும் எண்களுக்குத்தான் பஞ்சம். ஐபி நான்காம் பதிப்பில் ஓர் எண்ணுக்கு 32 பிட். எல்லாம் சேர்த்தாலும் சுமார் 429 கோடிதான் தேறும். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்நிக் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்து, அளந்து கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஐந்து சர்வருக்கு ஐந்து முகவரி கேட்டு வாங்கும் காலம் அத்தோடு போயிற்று.

ஆரம்பத்தில் போர்ட் எண்ணை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். முகப்புத் தளத்துக்கு வழக்கமான 80, நூலகத்துக்கு 8080, இன்னொன்றுக்கு 8081. பெயருக்குப் பின்னால் எண்ணையும் சேர்த்து அடிக்கச் சொல்லி, அச்சடித்த தாளை நூலக வாசலில் ஒட்டியிருந்தார்களாம். பலர் எண்ணை மறந்தார்கள். வேறு அலுவலகங்களில் இருந்து பார்த்தவர்களுக்கு அங்கிருந்த ஃபயர்வால் அந்தப் போர்ட்டுகளை விடவில்லை. “போன் எடுத்தாலே, சைட் வரலீங்க சார்னு தான் இருக்கும்” என்றார் மூத்தவர்.

வழி, கோரிக்கைக்குள்ளேயே இருந்தது. 1997-இல் வந்த எச்டிடிபி 1.1, எந்தத் தளத்தின் பெயரைத் தேடி வந்திருக்கிறோம் என்பதை ஒவ்வொரு கோரிக்கையும் ‘ஹோஸ்ட்’ என்ற வரியில் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஒரே கதவு எண்ணில் ஐந்து குடும்பம் குடியிருக்கும் வளவு வீட்டுக்கு வரும் கடிதம் போலத்தான்: உறையில் பெயர் இருந்தால் உரிய குடித்தனத்துக்குப் போய்ச் சேரும். வாசல் சர்வர் அந்த வரியைப் படித்துக் கோரிக்கையை உள்ளே அனுப்புகிறது. இந்தத் தொழிலில் இதற்கு ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். பூட்டிய தளங்களுக்கு, அதாவது எச்டிடிபிஎஸ்-க்கு, இது மட்டும் போதாது. ஹோஸ்ட் வரியே பூட்டுக்குள் வருவதால், பெயரைத் தெரிந்துகொள்ளும் முன்பே எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று வாசல் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இணைப்பின் முதல் செய்தியிலேயே பெயரைச் சொல்லும் எஸ்என்ஐ முறை 2003-இல் வரையறுக்கப்பட்டது. ஆனாலும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது கடைசிவரை புரியவில்லை. கல்லூரி ஆய்வகங்களில் எக்ஸ்பி ஒழியும் வரை இவர்கள் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கே வாசலில் ஓடுவது என்ஜின் எக்ஸ். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் வேலை பார்த்த இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் பொதுவில் வெளியிட்ட மென்பொருள். ஒரே சர்வரில் ஒரே சமயத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்று பலரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. இணைப்புக்கு ஒரு புராசஸ் என்று ஒதுக்காமல், சில புராசஸ்களே எல்லா இணைப்புகளையும் மாறி மாறிக் கவனிக்கும்படி அவர் அதை அமைத்தார்.

இதுவரை சொன்னதை எந்தக் கையேட்டிலும் படித்துவிடலாம். அந்த அறையில் உட்கார்ந்து நான் கற்றது வேறு. கோரிக்கையை உள்ளே தள்ளிவிடுவதோடு வாசலின் வேலை முடிவதில்லை. வந்தவர் யார், எந்தப் பெயரைக் கேட்டார் என்பதை உள்ளே இருப்பவருக்குத் திரிக்காமல் சொல்ல வேண்டும். இவர்கள் பட்ட பாடெல்லாம் அந்த இடத்தில்தான்.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருவர் இரண்டாவது நிலையில் இருக்கிறார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதிரித் தேர்வு வாரத்தில் ஒருநாள் மாலை, நூலகத் தளம் எல்லாருக்கும் ஒரேயடியாக நின்றுபோனது. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த அறையிலிருந்து பத்து-எண்ணைத் தட்டிப் பார்த்தால் தளம் திறந்தது. கைப்பேசியில் பார்த்தால் திறக்கவில்லை. நூலக சர்வரின் லாகைத் திறந்தவர் கண்ணில் பட்டது, வரிக்கு வரி இருந்த ஒரே ஐபி. அது வாசல் சர்வரின் ஐபி.

“மாணவர் ஆயிரம் பேர் வந்தாலும் உள்ள இருக்கிற மெஷினுக்கு வாசல் மட்டும்தாங்க தெரியும். பேசறது அது ஒண்ணுதானே” என்றார். யாரோ ஒருவர் கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தொடர்ந்து தவறு செய்யும் ஐபியைத் தடுத்துவைக்கும் காவல் நிரல் தன் வேலையைச் செய்தது. அது தடுத்தது வாசலையே. ஒருவர் செய்த தவறுக்கு ஊரே வெளியே நின்றது.

கான்ஃபிக் கோப்பைத் திறந்து எனக்குக் காட்டினார். நூலகத்துக்கான பகுதி ஒரு திரைக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு வரி, மாணவர் கேட்ட தளப் பெயரை அப்படியே உள்ளே கொடுக்கிறது. அதை எழுதாவிட்டால் என்ஜின் எக்ஸ் உள் சர்வரின் பெயரைப் போட்டு அனுப்பிவிடும்; உள்ளிருப்பது அந்தப் பெயரிலேயே இணைப்புகளைத் தயாரித்துக் கொடுக்க, வெளியிலிருந்து எதைத் தட்டினாலும் திறக்காது. அடுத்த வரி, வந்தவரின் உண்மையான ஐபியை ‘எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார்’ என்ற தலைப்பில் சேர்க்கிறது. அந்த வரியின் மேல் விரலை வைத்து, “இங்கதாங்க ஏமாந்துருவோம்” என்றார்.

அந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். பல கான்ஃபிக்குகளில் வழக்கமாக எழுதப்படும் மாறி, வெளியிலிருந்து ஏற்கெனவே வந்த மதிப்பை வைத்துக்கொண்டு அதன் பின்னால் உண்மையான ஐபியை ஒட்டுகிறது. உள் சர்வர் பட்டியலின் முதல் எண்ணை நம்பினால், வந்தவர் சொன்ன பொய்யை நம்புகிறது என்று பொருள். இங்கே இவர்களுடைய வாசலுக்கு முன்னால் வேறு பிராக்ஸி எதுவும் கிடையாது. அதனால் வெளியிலிருந்து வரும் மதிப்பைத் துடைத்துவிட்டு, தான் நேரில் கண்ட ஐபியை மட்டும் எழுதும்படி மாற்றியிருக்கிறார். உள் சர்வரும் வாசலிடமிருந்து வந்தால்தான் அந்தத் தலைப்பை ஏற்கும். மொத்தம் மூன்று வரி. அந்த மூன்று வரிக்குப் பின்னால் இருந்த கவனத்தைப் பார்த்தபோது எனக்கு மரியாதை கூடியது.

தேர்வு முடிவுக்கு மட்டும் இரண்டு சர்வர்கள். கோரிக்கைகளை இரண்டுக்கும் பகிர்ந்தால், ஒன்றில் லாகின் செய்த மாணவரை மற்றொன்றுக்குத் தெரியாது. மறுபடி பதிவெண் கேட்கும். ஒரே ஐபியிலிருந்து வருபவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் முறையை முன்பு வைத்திருந்தார்கள். அதிலும் சிக்கல். கைப்பேசி நிறுவனங்களும் எண் பஞ்சத்தால் ஒரே முகவரியின் பின்னால் ஏராளமானோரை வைத்திருக்கின்றன. போதாக்குறைக்கு, அந்த முறை ஐபியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே பார்க்கும். விளைவு, ஒரு நிறுவனத்துச் சிம் வைத்திருந்தவர்கள் கூட்டமாக ஒரே சர்வரில் போய் விழ, மற்றது சும்மா இருந்தது. இப்போது லாகின் விவரத்தை இரண்டு சர்வர்களுக்கும் பொதுவான ஓரிடத்தில் வைத்துவிட்டு, இணைப்பு குறைவாக உள்ள சர்வருக்கு அனுப்புகிறார்கள்.

முடிவு வெளியான மாலையில் மூவரும் திரை முன்னால் இருந்தார்கள். லாக் வரிகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. சிறிது நேரத்தில் 504 ஒன்றிரண்டு தலைகாட்டின. உள் சர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை என்று வாசல் சொல்லும் எண் அது. “ரெண்டாவது திணறுது. எடுத்துரு தம்பி” என்றார் மூத்தவர். இளையவர் அந்த சர்வரின் வரியில் ‘டவுன்’ என்று சேர்த்தார். கோப்பில் எழுத்துப்பிழை இல்லை என்று சோதனைக் கட்டளை உறுதி சொல்லும்வரை ரீலோடில் கை வைக்கவில்லை. ரீலோடு கொடுத்ததும் புதிய புராசஸ்கள் புதியவர்களை ஏற்கத் தொடங்கின. பழையவை கையில் இருந்த கோரிக்கைகளை முடித்துக் கொடுத்துவிட்டே ஓய்ந்தன. இரண்டாவது சர்வரில் தரவுத்தள இணைப்புகள் தீர்ந்திருந்தன. அதைச் சரிசெய்து, ‘டவுன்’ என்ற சொல்லை அழித்து, மறுபடி சோதித்து, மறுபடி ரீலோடு. மூத்தவர் அப்புறம்தான் டீ சொன்னார்.

ஐபி ஆறாம் பதிப்பில் எண்ணுக்கு 128 பிட். பஞ்சம் என்ற பேச்சே இல்லை. அப்போது இந்த வாசல் தேவைப்படாதா என்று கேட்டேன்.

“ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பப்ளிக் ஐபி கொடுத்துடலாங்க. ஆனா சர்ட் புதுப்பிக்கிறது, லாக் பார்க்கிறது, ஒண்ணு திணறினா வெளியே எடுக்கிறது, இதையெல்லாம் அஞ்சு இடத்துலயா செய்வீங்க?” என்றார் மூத்தவர். வாசலுக்கு மட்டும் ஆறாம் பதிப்பு முகவரி வாங்கியாயிற்று. வெளியே ஆறில் பேசும். உள்ளே பழையபடி பத்து-எண்களில் பேசும். பாக்கி இருப்பது நூலகத்துக் காவல் நிரல். புள்ளி வைத்த நான்கு எண்களை மட்டுமே படிக்கத் தெரிந்த நிரல் அது. ஆறாம் பதிப்பில் ஒரே கைப்பேசி அடிக்கடி முகவரியை மாற்றிக்கொள்ளும் என்பதால், முழு முகவரியைத் தடுத்துப் பயனில்லை. முதல் 64 பிட்டை ஓர் ஆளாகக் கணக்கிட வேண்டும். நான் கிளம்பும்போது அந்தப் பொள்ளாச்சிப் பெண் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.