தோற்றாலும் கணக்கில் வரும்

2022 ஆகஸ்ட் 2. இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா ஊரில் காமன்வெல்த் போட்டி. லான் பௌல்ஸ் பெண்கள் நால்வர் பிரிவில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. 'இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறதா?' என்று நம்மூரில் பலர் கேட்டது அன்றைக்குத்தான்!

அதே விக்டோரியா பூங்காவில்தான் பல ஆண்டுகளாக இங்கிலாந்துக் கவுண்டிகளின் பெண்கள் அணிகளும் மோதி வருகின்றன. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. கோப்பையின் பெயர் ஜான்ஸ் டிராஃபி. 1931-லேயே தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். 2008-ல்தான் அது ஆண்கள் சங்கத்தோடு சேர்ந்து 'பௌல்ஸ் இங்கிலாந்து' ஆனது.

ஆட்டம் பார்க்க ரொம்ப சுலபம். புல்தரையில் ஜாக் என்ற சின்னப் பந்தை உருட்டிவிட்டு, அதன் பக்கத்தில் தங்கள் பௌல்களைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆனால் பௌல் முழு உருண்டை கிடையாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும். நேராகக் குறிவைத்தால் போச்சு!

நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பௌல். எல்லாரும் உருட்டி முடித்ததும் எந்த அணியின் பௌல் ஜாக்குக்கு மிக அருகில் இருக்கிறதோ, அந்த அணிக்கே புள்ளிகள். எதிரணியின் சிறந்த பௌலை விட அருகில் எத்தனை இருக்கிறதோ அத்தனை ஷாட்.

கவுண்டி ஆட்டத்தில் விஷயமே வேறு. ஒரே நேரத்தில் பல ரிங்குகளில், ரிங்குக்கு நால்வராக ஆடுவார்கள். நாக்-அவுட்டில் எல்லா ரிங்குகளின் ஷாட்டையும் கூட்டித்தான் வெற்றி தோல்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரிங்க் 15-21 என்று பின்தங்கியிருக்கிறது. கடைசிச் சுற்று. எதிரணிக்கு நான்கு ஷாட் தயாராக நிற்கிறது. ஸ்கிப் கையில் ஒரே ஒரு பௌல். என்ன செய்தாலும் அந்த ரிங்க் ஜெயிக்காது. ஆனாலும் அவர் நிதானமாக உருட்டி, எதிரணியின் முதல் பௌலுக்கு அடுத்தபடி கொண்டுபோய் நிறுத்துகிறார். நான்கு ஒன்றாகிவிட்டது. 15-22. ஏழு ஷாட்டில் தோல்வி. மற்ற ரிங்குகள் சேர்ந்து எட்டு ஷாட் முன்னிலை. கவுண்டி ஒரே ஷாட்டில் ஜெயித்துவிட்டது! அவர் 'எப்படியும் தோல்விதானே' என்று ஏனோதானோவென்று உருட்டியிருந்தால் கோப்பை கைமாறியிருக்கும்.

ஸ்கோர் அட்டையில் அந்த ரிங்க் தோற்றதாகத்தான் இருக்கும். காப்பாற்றிய மூன்று ஷாட்டுக்கு அங்கே தனிக் கட்டம் கிடையாது. லாபக் கணக்கை எல்லாரும் பார்க்கிறார்கள்... நஷ்டத்தைக் குறைத்தவரை யார் பார்க்கிறார்கள்?