குடை மடிக்கும் கை

மணிமங்கலம் ஏரிக்கரையில் நின்று, தாம்பரத்து விமானங்களை அண்ணாந்து பார்த்தாலே நமக்குத் தலை சுற்றுகிறது. அங்கிருந்து குதிப்பதென்றால்? 1959-ல் ஆக்ராவில் குதித்தே காட்டினார் விமானப்படை டாக்டர் கீதா சந்தா. நம் நாட்டின் முதல் பெண் பாராசூட் வீரர்!

தைரியம் அவருடையது. உயிரோ, பாராசூட்டை மடித்தவர் கையில். புடவைக் கொசுவம் போலத் துணி படிய வேண்டும். கயிறு சிக்கக் கூடாது.

அவசரத்துக்கு இரண்டாவது குடையும் உண்டு. குதித்தவர் மயங்கிவிட்டால் அதை யார் திறப்பது? 1991-ல் ஜெர்மனியில் 'சைப்ரஸ்' என்ற கருவி வந்தது. காற்றழுத்தத்தால் உயரத்தை அறிந்து, சுமார் 225 மீட்டரிலும் வேகம் குறையாவிட்டால், குடைப்பையைப் பூட்டிய நூல்வளையத்தை நறுக்கிவிடும். பொல்லாத கத்தரிக்கோல்! ஆனால் மடிப்பைச் சரிசெய்ய அதற்குத் தெரியாது. அமெரிக்காவில், விரியாத குடையையும் 180 நாளுக்கொருமுறை லைசென்ஸ் பெற்றவர் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, முத்திரையிட வேண்டும்.