டம்ளர் பட்டறையில் ஒரு ஜெட் குழாய்!

எங்க ஏரோமாடலிங் டீமுக்கு ஒரு குட்டி ஜெட் எஞ்சின் கிடைச்சிருக்குன்னு சொன்னதும் ஆளாளுக்குக் கேட்ட முதல் கேள்வி, 'எவ்ளோ ஸ்பீடு போகும்?' அடுத்தது, 'எவ்ளோ விலை?' ஒருத்தராவது, 'சூடு எந்த வழியா வெளியே போகும்?'னு கேட்டிருந்தா, அவங்களுக்கு கேன்டீன்ல பப்ஸே வாங்கிக் கொடுத்திருப்பேன். ஏன்னா, நாலு மாசமா என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த வழிதான் பாஸ்!

எஞ்சின் என்னவோ ஹார்லிக்ஸ் பாட்டில் சைஸ்தான். ஆனா, காத்தை அமுக்கும் கம்ப்ரஸர், எரியறை, டர்பைன்னு பெரிய ஜெட்டில் இருக்கிற சங்கதிகள் எல்லாம் உள்ளே உண்டு. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே சுத்தும். மண்ணெண்ணெயில் 5 சதவிகிதம் ஆயில் கலந்து கொடுத்தா மடமடன்னு குடிக்கும். கர்ட் ஷ்ரெக்லிங்னு ஒரு ஜெர்மன்காரர், 1990 வாக்கில் பிளைவுட்டிலேயே கம்ப்ரஸர் செஞ்சு இந்த மாதிரி எஞ்சினை வீட்டுப் பட்டறையில் ஓட்டிக் காட்டியிருக்கார். மரத்தில் ஜெட் எஞ்சின்! படிச்ச அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல யாரையும் தூங்க விடலை நான்.

எங்க எஞ்சின் இரவல். ரெண்டு வருஷ சம்பளத்தில் மிச்சம் பிடிச்சு வாங்கிய சீனியர் அண்ணா ஒருத்தர், "பிளேன் போனா புதுசா ஒண்ணு செஞ்சுக்கலாம். எஞ்சினை மட்டும் முழுசா திருப்பிக் கொடுத்துடுங்க... கல்யாணத்துக்கு வெச்சிருந்த காசு!"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரலை.

மேட்டர் இதுதான். எஞ்சின் கனம். அதை வாலில் வெச்சா பிளேன் பின்பக்கமா சாயும். அதனால நடு வயித்துல வைக்கணும். அங்கிருந்து வால் வரைக்கும் 60 சென்டிமீட்டர். எஞ்சினிலிருந்து வர்ற காத்து கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு. பிளேன் உடம்போ கண்ணாடி இழையும் எபாக்ஸி பிசினும். நாங்க போட்ட பிசின் 60 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிச்சுடும். பக்கத்திலேயே இரண்டரை லிட்டர் மண்ணெண்ணெய் டேங்க் வேற. நடுவுல ஒரே காவல், கால் மில்லிமீட்டர் தகட்டில் செஞ்ச குழாய்.

"எஞ்சின் வாயில குழாயை டைட்டா மாட்டிடலாம். துளி காத்துகூட வீணாகாது"ன்னான் டீம் மேட் ஒருத்தன். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, இந்தக் குழாய் எஞ்சினைத் தொடவே கூடாது! நடுவுல ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. குழாயோட முன்வாய், நாதஸ்வரத்தோட அணைசு மாதிரி விரிஞ்சிருக்கணும். எஞ்சின் காத்து குழாய்க்குள்ளே பாயுற வேகத்தில், சுத்தி இருக்கிற குளிர்ந்த காத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். அந்தக் குளிர்காத்து குழாய்ச் சுவரை ஒட்டியே ஓடும். நடுவுல நெருப்பு, ஓரத்துல போர்வை. டைட்டா மாட்டினா போர்வை போச்சு. எஞ்சினும் மூச்சு முட்டி இன்னும் சூடாகும். போர்டில் படம் போட்டு, ரெண்டு நாள் சண்டை போட்டுத்தான் அவனைச் சம்மதிக்க வெச்சேன்.

சரி, அந்த விரிஞ்ச வாயை யார் செஞ்சு தருவா? வெளிநாட்டில் ரெடிமேடா கிடைக்கும். எங்க பட்ஜெட்டில் அதோட கூரியர் செலவுக்கே துண்டு விழும். காலேஜ் லேத்தில் அவ்வளவு மெல்லிசா கடைய முடியாது. கடைசியில் போய் நின்னது, வியாசர்பாடி பக்கம் ஒரு எவர்சில்வர் பட்டறையில்! தட்டையான வட்டத் தகட்டை அச்சோடு சேர்த்துச் சுழலவிட்டு, நீளமான கம்பியால் அமுக்கி அமுக்கி அவங்க டம்ளரும் சொம்பும் ஆக்கறதைப் பார்க்கணுமே... பத்து நிமிஷம் வந்த வேலையையே மறந்துட்டேன்.

"இன்னாம்மா இது... புனலா?"

"இல்லண்ணா, ராக்கெட் மாதிரி ஒண்ணு."

"ராக்கெட்டுக்கு எதுக்கும்மா புனலு?"

முதல் வாய் ஓரத்தில் விரிஞ்சு போச்சு. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது மட்டத் தகடு. 304 வாங்கிட்டு வா"ன்னார். எங்க மெட்டீரியல்ஸ் புக்கில் அரை பக்கத்துக்கு இருக்கிற விஷயம் அது. ரெண்டாவது முயற்சியில் கச்சிதமா வந்துச்சு. கூலி எவ்வளவுன்னு கேட்டதுக்கு, "பறந்தா வந்து சொல்லு, அப்போ வாங்கிக்கறேன்"னுட்டார்.

மாட்டுறது தனிக் கதை. எவர்சில்வர் சூடானா நீளும். 60 சென்டிமீட்டர் குழாய் 400 டிகிரி ஏறினா சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். ரெண்டு முனையையும் ஸ்குரூ போட்டு இறுக்கினா அந்த 4 மில்லிமீட்டர் எங்கே போகும்? குழாய் வளையும், இல்லைன்னா உடம்பைப் பிளக்கும். அதனால முன்பக்கம் மட்டும் ஸ்குரூ. பின்பக்கம் ஒரு வளையத்துக்குள் சும்மா வழுக்கிப் போற மாதிரி. எஞ்சினும் குழாயும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கணும்னு லேசர் பாயின்ட்டரை வெச்சு ஒரு ராத்திரி முழுக்கத் தட்டித் தட்டிச் சரிபண்ணினோம். பார்க்கிறவங்களுக்கு நாங்க பூஜை பண்ற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில், ரன்வே இல்லாத வெறும் மைதானத்தில் பிளேனைக் கயிறு கட்டி நிறுத்தினோம். கையில் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான். பவுடர் சிலிண்டர் அடிச்சா தீ அணையும், எஞ்சினும் சேர்ந்து செத்துடும். சீனியர் அண்ணா ஸ்டார்ட் கொடுத்தார். உய்ய்ய்ன்னு ஒரு சத்தம், அப்புறம் பின்னாடி புல் எல்லாம் படுத்துக்கிச்சு. நான் பார்த்தது எல்லாம் உடம்புச் சுவரில் ஒட்டியிருந்த தெர்மோகப்பிள் மீட்டரை மட்டும்தான். 38... 43... 49. ஃபுல் த்ராட்டிலில் 52-லேயே நின்னுடுச்சு. எஞ்சினை அணைச்சாச்சு. பசங்க எல்லாம் விசில்!

நான் விசிலடிக்கலை. ஏன்னா, மீட்டர் அணைச்ச பிறகுதான் ஏற ஆரம்பிச்சுது. எஞ்சின் நின்னா இழுத்துக்கிட்டுப் போற குளிர்காத்தும் நிக்கும். குழாயில் தேங்கின சூடு எல்லாம் சுவருக்கு வரும். 54. 56. ஸ்டார்ட்டர் மோட்டார் விட்டு விட்டு எஞ்சினைச் சுத்திக் குளிரவைக்க முயற்சி பண்ணுது. 57. "மூடியைத் திற!"ன்னு கத்தினேன். மேல் மூடியைக் கழட்டினதும் குப்புன்னு அனல். 58... அப்படியே நின்னுது. அரை நிமிஷம். 57.

அண்ணா எஞ்சினைத் தொட்டுப் பார்க்கலை, குழாயைத்தான் டார்ச் அடிச்சுப் பார்த்தார். உள்ளே வைக்கோல் நிறத்தில் சுத்திலும் ஒரே சீரா ஒரு படலம். ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தா கோணல்னு அர்த்தம். "அடுத்த சனிக்கிழமை ரன்வே கேட்டு லெட்டர் எழுது"ன்னார். எழுதறதுக்கு முன்னாடி மூடியில் ரெண்டு ஓட்டை போட்டேன், அந்த அனல் தானா வெளியே போக.