விடை வரும் வரை

நோயினால் வரும் துன்பத்தைப் பற்றி உலகம் நிறையவே பேசுகின்றது. நோய் உண்டா இல்லையா என்பதே தெரியாதிருக்கும் நாள்களின் துன்பத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்நாள்களில் ஒருவர் தம்மை நோயாளி என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. சுகதேகி என்று நிமிர்ந்து நடக்கவும் முடியாது. மார்பகத்தில் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து ஊசியினாற் சிறிது இழையம் எடுக்கப்பட்டபின், அதன் முடிவு வருமளவும் காத்திருக்கும் பெண்ணின் நிலை இதுவே.

வடமராட்சிக் கிராமம் ஒன்றில் வாழும் ஆசிரியை ஒருவர் அத்தகைய இரண்டு கிழமைகளைக் கடந்தார். வயது 52, கணவரை இழந்தவர், ஒரே மகன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். ஒருநாட் காலை கிணற்றடியிற் குளிக்கும்போது இடது மார்பிற் கடலையளவில் ஒரு கட்டி கையிற்பட்டது. நோவில்லை. நோவில்லாதபடியால் மூன்று கிழமையாக அவர் அதை எவருக்கும் சொல்லவில்லை. உண்மையில், நோவின்மை ஆறுதலுக்குரிய அறிகுறியன்று. மார்பகப் புற்றுநோய்க் கட்டிகள் தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை. அயல்வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த குடும்பநல மாதிடமே அவர் முதலில் வாய் திறந்தார். 35 வயதைக் கடந்த பெண்களுக்கென 1996 முதல் இந்நாட்டில் நடைபெற்றுவரும் கிளினிக்குக்கு அம்மாது அவரை அழைத்துச் சென்றார். அங்கிருந்து வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார்.

வைத்தியர் கையினாற் சோதித்தார், படம் எடுத்துப் பார்த்தார்கள், இறுதியில் ஊசி. மார்பகக் கட்டியொன்றை அறிவதற்கு இம்மூன்றும் சேர்ந்தே வேண்டப்படுகின்றன. விறைப்பு மருந்து ஏற்றியபின் ஊசிக்கருவி எழுப்பிய ஓசை, தாள்களைப் பிணைக்கும் ஸ்ரேப்ளரின் ஓசையைப் போலிருந்ததென ஆசிரியை பின்னர் சொன்னார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தன. "இரண்டு கிழமையால வாருங்கோ" என்று ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு கிழமை ஏன் என்பதை அவருக்கு எவரும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அரைவாசிப் பயமேனும் குறைந்திருக்கும். எடுக்கப்பட்ட இழையம் ஃபோமலினில் ஊறவேண்டும், மெழுகிற் பதிக்கப்படவேண்டும், மயிரிழையின் தடிப்பிலும் பன்மடங்கு மெல்லிய சீவல்களாக வெட்டப்படவேண்டும், நிறமூட்டப்பட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்படவேண்டும். ஐயம் எழுந்தால் வேறு சாயங்கள் இட்டு மீண்டும் பார்க்கவேண்டும். நோயியல் வைத்தியர் ஒருவரின் மேசையிற் பலருடைய கண்ணாடித் துண்டுகள் வரிசையாகக் காத்திருக்கும். ஆகவே தாமதம் என்பது கெட்ட செய்தியின் அறிகுறியன்று. ஆனால் இதை அறியாத மனம் ஒவ்வொரு நாட் சுணக்கத்தையும் ஒரு தீர்ப்பாகவே வாசிக்கின்றது.

அக்காலம் தவணைப் பரீட்சை முடிந்த காலம். "ரீச்சர், மாக்ஸ் எப்ப தருவீங்கள்?" என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், "பொறுங்கோ" என்று சொல்வது அவர் வழக்கம். இம்முறை அவ்வாறு சொல்ல வாய் வரவில்லை. இரவிரவாக இருந்து திருத்தி, மறுநாளே விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டார்.

செய்தி அயலிற் பரவியது. வந்தவர்கள் எல்லோரும் அன்போடுதான் வந்தார்கள். "ஒண்டும் இராது, பயப்பிடாதேங்கோ" என்றவர்களே அதிகம். இன்னாருக்கு இப்படித்தான் வந்தது என்று இறந்தவர்களின் கதையைச் சொன்னவர்களும் இருந்தார்கள். மச்சாள் ஒருவர் சந்நிதியானுக்கு நேர்த்தி வைத்தார். 'புற்றுநோய்' என்ற சொல்லை மாத்திரம் எவரும் உச்சரிக்கவில்லை. "அந்த வருத்தம்" என்றே சொல்லிச் சென்றார்கள். பெயர் சொல்லப்படாத அந்தப் பொருள் வீடு முழுவதும் நிறைந்திருந்தது.

'ஒன்றும் இராது' என்ற சொல்லைச் சிறிது ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். மார்பகக் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பது மருத்துவம் ஏற்கும் உண்மை. ஆனால் பெரும்பாலானவை என்பது எல்லாம் ஆகாது. தான் அப்பெரும்பான்மையைச் சேர்ந்தவளா என்பதே காத்திருக்கும் பெண்ணின் கேள்வி. அதற்கு விடை தெரியாதவர் விடை தெரிந்தவர் போலப் பேசும்போது அவளுடைய அச்சம் நீங்குவதில்லை; அச்சத்தைச் சொல்லும் வாய்ப்பே நீங்குகின்றது.

தங்கை வேறு விதமாக நடந்துகொண்டார். அடுத்த ஊரிலே வாழ்க்கைப்பட்டவர். மாலையானதும் பேருந்தில் வந்து இறங்குவார். இருவருமாக இரவுக்குப் பிட்டு அவிப்பார்கள். ஓரிரவு, "உனக்கு என்ன தோன்றுது? சொல்லு" என்று ஆசிரியை கேட்டார். "எனக்கும் தெரியாது அக்கா. தெரியிற வரைக்கும் நான் இஞ்சைதான் நிப்பன்" என்றார் தங்கை. அன்றுதான் ஆசிரியை முதன்முதலாக வாய்விட்டு அழுதார். அன்றுதான் ஓரளவு நித்திரையும் கொண்டார்.

முடிவு நாள் நெருங்கியபோது மகன் வந்தான். தாய் நித்திரை என்று எண்ணி, மாமனாரோடு திண்ணையில் இருந்து பேசினான். தானே போய் றிப்போட்டை எடுத்துவருவது. கெட்டதாக இருந்தால், சிறிய கட்டி, வெட்டி எடுத்தாற் சரி என்று மட்டும் அம்மாவுக்குச் சொல்வது. மிகுதியை ஆண்கள் இருவரும் முடிவு செய்வது. தாய் உள்ளே விழித்திருந்தார்.

மகனின் எண்ணம் அன்பிற் பிறந்ததே. ஆயினும், பெண்ணின் உடலைப் பற்றிய விடை அவளைத் தவிர மற்றவர்களுக்கு முதலிற் தெரிவது புதியதன்று. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அதனை முறையாகக் கொண்டிருந்தது. 1970களில் அமெரிக்காவில் மார்பிற் கட்டியுள்ள பெண்ணை மயக்கி, இழையத்தை எடுத்து உறையவைத்துச் சில நிமிடங்களிற் சோதித்து, புற்றுநோய் எனக் கண்டால் அதே மயக்கத்தில் மார்பகத்தையும் அகற்றிவிடுவது பெருவழக்கு. மயக்கம் தெளிந்து நெஞ்சைத் தடவிப் பார்த்தே பெண் தன் விடையை அறிந்துகொண்டாள். 1974 செப்ரெம்பரில் சனாதிபதி ஃபோர்ட்டின் மனைவி பெற்றி ஃபோர்ட்டுக்கும் இவ்வாறே சிகிச்சை நடைபெற்றது. அதே ஆண்டிற் தன் மார்பிற் கட்டியொன்றைக் கண்ட பத்திரிகையாளர் றோஸ் குஷ்னர், சோதனையை மட்டும் செய்து தன்னை விழிக்கவிடும் வைத்தியரைத் தேடி அலைந்தார். ஃபோர்ட் அம்மையாருக்கும் அவ்வாய்ப்பு வேண்டுமென்று அவர் வெள்ளை மாளிகையைத் தொலைபேசியில் அழைத்தபோது, சனாதிபதி முடிவெடுத்துவிட்டார் என்பதே கிடைத்த மறுமொழி எனப் பதிவாகியுள்ளது. 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய நிபுணர் குழு, சோதனையும் சிகிச்சையும் பெரும்பாலும் இரு வேறு கட்டங்களாக நடைபெறவேண்டும் எனப் பரிந்துரைத்தது. குஷ்னரும் அக்குழுவில் அமர்ந்திருந்தார்.

இவ்வகையில் நோக்கின், ஊசிக்கும் விடைக்கும் இடைப்பட்ட நாள்கள் வெறுமனே கழிக்கப்படவேண்டிய வேதனை நாள்கள் மாத்திரமல்ல. பெண்கள் போராடிப் பெற்ற அவகாசத்தின் எச்சமும் அவற்றில் உண்டு. விடையைத் தானே கேட்கவும், கேள்வி எழுப்பவும், தன் உடலைப் பற்றித் தானே தீர்மானிக்கவும் அவளுக்குக் கிடைத்த இடைவெளி அது. அதனை அன்பின் பெயரால் வீட்டார் மீளப் பறித்துக்கொள்வது, மயக்க மருந்து இல்லாமலே அவளை மயக்கத்தில் வைத்திருப்பதாகும்.

காலையில் மகன் துண்டைக் கேட்டபோது ஆசிரியை அதைத் தம் கைப்பையில் வைத்தார். "துண்டில என்ர பேர்தான் தம்பி கிடக்கு. நான்தான் போவன். நீ வேணுமெண்டால் கூட வா" என்றார். மகன் சிறிது நேரம் பேசாதிருந்தான்; பின்னர் சேட்டை மாற்றிக்கொண்டு வந்தான். தங்கையும் ஒரு கொப்பியோடு புறப்பட்டார். வைத்தியரிடம் கேட்கவேண்டியவை முதல்நாள் இரவே அதில் எழுதப்பட்டிருந்தன.

கட்டி புற்றுநோயே. ஆயினும் சிறியது, அக்குளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை, சிகிச்சைக்கு இணங்கும் பருவத்தது. வைத்தியர் சொன்னவற்றுள் முதற் சொல்லுக்குப் பின் எதுவும் ஆசிரியையின் காதில் ஏறவில்லை. தங்கை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அன்றிரவு விளக்கின் கீழ் அக்கொப்பியை வாசித்தபோதே, 'சிறியது' என்ற சொல்லும் அங்கே இருந்தது என்பதை ஆசிரியை கண்டார்.

அடுத்த கிழமை, 'ஒண்டும் இராது' என்றவர்களுட் பலர் வரவில்லை. அன்பின்மையால் அன்று, சொன்ன சொல் பொய்த்த கூச்சத்தால். தெரியாது என்று சொன்ன தங்கைக்கு அத்தகைய கூச்சம் ஏதும் இருக்கவில்லை. அவர் வழக்கம்போல மாலைப் பேருந்தில் வந்து இறங்கினார். மகன் தெல்லிப்பழைக்குப் போய்வரும் ஒழுங்குகளைத் தாயிடம் கேட்டுக் கேட்டுச் செய்தான்.

காத்திருப்பவருக்கு விடை சொல்வது துணைநிற்றல் ஆகாது. விடை இல்லாத இடத்தில் அவரோடு இருப்பதும், விடை வரும்போது அது முதலில் அவர் கையைச் சேரும்படி விலகி நிற்பதுமே துணை. முன்னையதைத் தங்கை இயல்பாகவே அறிந்திருந்தார். பின்னையதை மகன் அன்று காலையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கேட்டுப் பெறாமற் திரும்பியபோது அறிந்துகொண்டான்.